மூன்றாவது ரெக்கார்டின் டிரம் சத்தம்

— அதிலை இருக்காதேயும் கிரிஜா! அது புரொடியூசற்ரை கதிரை.

— புரொடியூசர்தான் எதிர்த்தாப்ல பப்புல உக்காந்திருக்காரே. வர்ற வழியில பாத்தேன். பாட்டுக்கார நீளத் தலைமுடிக்காரங்க நாலு பேரும் அவரும், ஆளுக்கொரு பெரிய கிளாஸ். ஒன்றரை மணிக்குத்தானே திரும்பி வருவாங்க?

— ஒண்டரைக்கு. இப்ப பன்னிரண்டே முக்கால். முக்கால் மணித்தியாலம்தான் இருக்கு எனக்கு.

— சாப்பிடறதுக்கு அது தாராளம். லேபுல அரை நாள் லீவு சொல்லி, ஸ்பிரிங்வேல்ல டிரெயின் ஏறி, அப்புறம் ட்ராம் ஏறி, இந்த ஸ்டூடியோ மூணு மாடியும் ஏறி புளியோதரை கொண்டாந்திருக்கேன். முதல்ல நடக்கறதை நிறுத்துங்க. கார்ப்பெட் தேயுது.

— நிக்க ஏலாது. நிண்டால் யோசனை வருகுது.

— நடந்தா மட்டும் வரலையா?

— பகிடி விடாதேயும். இண்டைக்கு வியாழன். பின்னேரம் ஆறு மணிக்குள்ளை அந்த டிரம் சத்தம் வந்தால் அவங்கடை அஞ்சாவது ரெக்கார்ட் முழுக்க என்ரை கையிலை. லண்டனிலை. ஒரு வருஷ ஒப்பந்தம் எண்டு வாயாலை சொல்லிப்போட்டார். வராட்டில், சனிக்கிழமை அவங்கள் பிளேன் ஏறுவாங்கள், நான் பழையபடி டேப் சுத்துறவன். அவ்வளவுதான் கதை.

— நேத்தும் இதையேதான் சொன்னீங்க. முந்தாநேத்தும்.

— ஏனெண்டால் நேற்றும் வரேல்லை, முந்தநாளும் வரேல்லை! ஸ்டோன் ஃபெரி எண்டால் எப்பிடிப்பட்ட பாட்டுக் கோஷ்டி எண்டு உமக்குத் தெரியுமோ? அவங்கடை சரித்திரம் தெரியுமோ?

— சொல்லாமயா விடப்போறீங்க. சொல்லிக்கிட்டே ஒரு வாய் வாங்கிக்குங்க.

— முதல் ரெக்கார்ட் எழுபதிலை, லண்டனிலை. அவங்கடை அம்மாமாரைத் தவிர ஒருத்தரும் வாங்கேல்லை. ரெண்டாவது வேல்சிலை, ஒரு பழைய மாட்டுக் கொட்டிலுக்குள்ளை. எதிரொலி நல்லாயிருக்காம் எண்டு பெட்டி படுக்கையோடை போய் ஒரு மாசம் கிடந்தாங்கள். மாடுகள் பாவம் எண்டு ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான்.

— ஐயோ ராமா!

— சிரியாதேயும். மூண்டாவதுதான் இங்கை. எழுபத்திநாலு ஒக்டோபர். சிட்னியிலை நடக்க இருந்த கச்சேரி நிண்டு போச்சு. ஒன்பது நாள் சும்மா கிடந்தது. ஆற்றையோ சொல்லுக் கேட்டு மெல்பேர்னுக்கு வந்து இந்தப் படியிலை ஏறினாங்கள். எங்கடை பெரிய இஞ்சினியர் காய்ச்சலிலை படுத்திட்டார். என்னைப் பிடிச்சு இந்த மேசையிலை இருத்தினாங்கள். அந்த ரெக்கார்ட்தான் இங்கிலாந்து முழுக்க வித்தது. எதாலை? அந்த டிரம்மாலை.

— தெரியும்ங்க. எங்க லேப் ரேடியோவுல வாரத்துக்கு ரெண்டு தடவை போடறான். பூமிக்கு அடியில நின்னுக்கிட்டு யாரோ கதவைத் தட்டற மாதிரி.

— அதுதான்! அந்தத் தட்டுத்தான்! நாலாவதை ஜெர்மனியிலை செய்தாங்கள். உலகத்திலை உள்ள விலை கூடின மிஷின் எல்லாம் அங்கை. வெளியிலை வந்தால் பிஸ்கட் தகரத்திலை அடிச்ச சத்தம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. அதாலைதான் திரும்பவும் இங்கை வந்திருக்கிறாங்கள். அதே அறை, அதே டிரம், அடிக்கிறவனும் அதே ஆள், நானும் அதே ஆள். நாலு நாளிலை அறுபத்திமூண்டு தரம் அடிச்சிட்டான். கை விரலெல்லாம் பிளாஸ்டர். வருகுதில்லை, கிரிஜா.

— உங்க வழியெல்லாம் பண்ணிப் பாத்தீங்களா? அந்த ஈரச் சாக்கு, மாடிப்படியில மைக்கு? பத்திரிகையில போட்டாங்களே. சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னீங்க, நீலச் சட்டையில.

— அது பொய்.

— எது, நீலச் சட்டையா?

— சாக்கு பொய். மாடிப்படி பொய். அந்தப் பத்திரிகைக்காரன் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டான். வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். இப்ப அந்தப் பொய்யை நம்பித்தான் நாலு நாளாய் ஆறு சாக்கை நனைச்சு நனைச்சுத் தொங்கப் போடுறாங்கள். அறை முழுக்கச் சாக்கு மணம். கொஞ்சம் பொறும், அந்தக் கதவைச் சாத்தும். ஆரும் நிக்கினமோ வெளியிலை?

— யாருமில்ல. சொல்லுங்க.

— கோடம்பாக்கத்திலை நான் வேலை பழகின இடத்திலை ஆயுத பூஜையண்டு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஒருத்தரும் சுவிட்சைத் தொடமாட்டாங்கள். உமக்குத் தெரியும்தானே.

— எனக்குத் தெரியாதா. எங்க அப்பா அவரு டைப்ரைட்டருக்கே மாலை போடுவாரு.

— இங்கை அந்த மூண்டாவது ரெக்கார்ட் வேலை துடங்கின ஏழாம் நாள் ஆயுத பூஜை வந்தது. நீர் ஒரு சின்னக் கிண்ணத்திலை சந்தனம் கரைச்சுத் தந்து விட்டனீர். மிஷினுக்கு மேலை வைச்சால் வெள்ளைக்காரன் கேப்பான். அதாலை மூடியைத் திறந்து உள்ளுக்கை வைச்சன். டேப் உரசிக்கொண்டு போற ஹெட் இருக்கெல்லோ, அதுக்குப் பக்கத்திலை ஒரு பொட்டு. கும்பிட்டன். மூடினன். வேலையைத் துடங்கினன்.

— ம்.

— அடுத்த நாள் ஹெட்டைத் துடைக்கத் திறந்தால், பொட்டைக் காணேல்லை. வழிஞ்சு போய், டிரம் ஏறுற பக்கத்து ஹெட்டிலை மெல்லிசாய், மஞ்சளாய், ஒரு பொருக்குப் பிடிச்சிருக்கு. டேப் ஹெட்டோடை சரியா முட்டேல்லை. மேல் சத்தம் எல்லாம் செத்துப்போய் அடிச் சத்தம் மட்டும் ஏறியிருக்கு. ஊத்தை ஹெட், கிரிஜா! பழகுறவனைக் கூட அதுக்குக் காதிலை பிடிச்சு வெளியிலை விடுவாங்கள். அதுதான் ஸ்டோன் ஃபெரியின்ரை மூண்டாவது ரெக்கார்ட். அதுதான் என்ரை கெட்டித்தனம். வெக்கமாயிருக்கு.

— இன்னொரு வாய் வாங்கிக்குங்க.

— என்ன, சிரிக்கேல்லையோ?

— அப்ப இந்தத் தடவையும் வைங்களேன்.

— வைச்சுப் பாக்காமலே! செவ்வாய்க்கிழமையிலை இருந்து ஒவ்வொரு நாளும் விடிய ஏழு மணிக்கு வந்து, அவங்கள் வர முன்னம் வைச்சுப் பாக்கிறன். உம்மடை அம்மா அனுப்பின மைசூர்ச் சந்தனக் கட்டை. வடிவா உரைச்சு, வழிச்சு, பூசி. காய்ஞ்ச உடனை பொடியாய் உதிருது. தடிப்பாய்ப் பூசினால் டேப் கீச்சிடுது. இண்டைக்கு ஒரு டேப்பே அறுந்து போச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

— கட்டையை நீங்க எடுத்துக்கிட்டுப் போனதைப் பாத்தேன்.

— சாமி படத்துக்கு எண்டு நினைச்சிருப்பீர்.

— இல்ல.

— பின்னை?

— லண்டன்ல எங்க இருப்போம்?

— இப்ப ஏன் அந்தக் கதை? அவங்கள் ஒரு இடம் பாத்துத் தருவாங்கள்.

— எனக்கு வேலை?

— லண்டனிலை ஆசுபத்திரி இல்லையோ? லேப் இல்லையோ?

— இங்க ரெண்டு வருஷம் பாட்டில் கழுவினேங்க. பி.எஸ்ஸி. முதல் வகுப்பு. என் சர்டிபிகேட்டை அவங்க மேலயும் கீழயும் திருப்பிப் பாத்துட்டு பிரஷ்ஷை எடுத்துக் கையில குடுத்தாங்க. போன மாசம்தான் மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்கார விட்டிருக்காங்க. இப்பத்தான் டாக்டர் என் பேரைச் சரியா சொல்றாரு. மறுபடி அங்க போய் பாட்டிலா?

— கொஞ்ச நாள்தானே. ஒரு வருஷம். பிறகு...

— என்னைக் கேட்டீங்களா? நாலு நாளா சத்தம் வரல, சத்தம் வரலன்னு வீடு முழுக்க நடக்கறீங்க. போகலாமா கிரிஜான்னு ஒரு வார்த்தை?

— நான் இந்த அறைக்குள்ளை நெருப்பிலை நிக்கிறன், நீர் இப்ப வந்து...

— சரி, விடுங்க. ட்ராம் போகுது பாருங்க, கண்ணாடியெல்லாம் ஆடுது. இப்படித்தான் ரெக்கார்டு பண்ணும்போதும் ஆடுமா?

— ஓம். ட்ராம் போகும் வரைக்கும் டிரம்மர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா. கதையை மாத்தாதேயும். "இல்ல" எண்டனீர். என்ன இல்லை?

— கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லும்.

— அன்னைக்கு நான் குடுத்தது சந்தனம் இல்ல.

— என்ன?

— நம்ம பெட்டி அப்ப கப்பல்லதான இருந்தது? சந்தனக் கட்டை அதுக்குள்ள. வீட்டுல ஒரு துளி மஞ்சள் கூட இல்ல. நீங்க குளிச்சிட்டு, நெத்தியில விபூதியோட, முதல் பெரிய வேலை, சந்தனம் கரைச்சு வெச்சிருக்கியான்னு வாசல்ல நின்னீங்க. மூஞ்சியைப் பாத்தா இல்லைன்னு சொல்ல மனசு வரல. அலமாரியைத் திறந்தேன். கஸ்டர்ட் பவுடர் டப்பா இருந்தது.

— கஸ்டர்ட்...

— பவுடர். மஞ்சளா இருந்தது. ரெண்டு ஸ்பூன் எடுத்து, வெந்நீர் விட்டுக் குழைச்சேன். சாமி மன்னிச்சுக்கும்னு நெனச்சேன்.

— அண்டைக்கு டிரம்மர் கேட்டான், ஆர் இங்கை கேக் சுட்டது எண்டு! மிஷின் சூடேற ஏற வனிலா மணம். நான் பக்கத்து பேக்கரி எண்டு சொல்லிப்போட்டன்! கஸ்டர்ட்! அதுதான் பசை மாதிரி இறுகிப் பிடிச்சிருக்கு! அட கடவுளே. இவங்கள் வேல்ஸ், ஜெர்மனி எல்லாம் சுத்தி, பன்னிரண்டாயிரம் மைல் பறந்து வந்து...

— அவங்க அம்மா சமையலறையில இருக்கற சாமானைத் தேடறாங்க. சொல்லிடுங்களேன். சந்தனம்னாதான் விளக்கணும். இது அவங்க ஊரு சாமான்தானே?

— விசரே உமக்கு? சொன்னால் பிறகு நான் எதுக்கு? கஸ்டர்ட் பூச லண்டனிலை ஆள் இல்லையோ?

— அதுவும் சரிதான்.

— பொறும். கொஞ்சம் பொறும். நான் கட்டையை எடுத்துக்கொண்டு போனது செவ்வாய்க்கிழமை. அதைப் பாத்தனீர்.

— ஆமா.

— அப்பவே உமக்கு விளங்கிட்டுது.

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஹெட்டைத் துடைச்ச மஞ்சக் கறைத் துணியைத் துவைச்சது யாரு? அதைப் பாத்து அப்படிப் பயந்தீங்களே. தூக்கத்துல வேற "ஹெட்டிலை ஏறிட்டுது, ஹெட்டிலை ஏறிட்டுது"ன்னு. செவ்வாய்க்கிழமை கட்டையைப் பாத்ததும் எல்லாம் சேந்துக்கிச்சு.

— செவ்வாய், புதன், இண்டைக்கு வியாழன். மூண்டு நாள். நான் சாப்பிடேல்லை, நித்திரை கொள்ளேல்லை. பல்லைக் கடிச்சுக் கடிச்சு அலகு நோகுது. நீர் பக்கத்திலை படுத்துக்கொண்டு, தெரிஞ்சு கொண்டு...

— தெரிஞ்சுக்கிட்டுத்தான்.

— ஏன் கிரிஜா? நான் தோத்துப் போகவேணும் எண்டோ?

— இல்ல! அப்படி நெனைப்பேனா?

— பின்னை என்ன?

— லண்டன் வேண்டாம்னு இருந்தது. அவ்வளவுதான். இந்தச் சத்தம் வராம இருந்தா ஒண்ணும் மாறாதுன்னு இருந்தது. நேத்து ராத்திரி நீங்க பல்லைக் கடிக்கற சத்தம் கேட்டு எழுந்து உக்காந்துட்டேன். இதுக்கு மேல என்னால முடியல. இந்தாங்க.

— இது என்ன... டப்பா. கொண்டு வந்திட்டீரோ!

— புளியோதரைக்கு அடியில இருந்தது. அதே கம்பெனிதான், பாத்து வாங்கினேன். அந்த ஃபிளாஸ்க் மூடியைக் குடுங்க. வெந்நீர் இருக்கு. எவ்வளவு வேணும்?

— எனக்கு எப்பிடித் தெரியும்? நீர்தானே கரைச்சனீர்!

— ரெண்டு ஸ்பூன். கட்டி தட்டாம குழைக்கணும். நகருங்க. நான் குழைக்கறேன்.

— விரலாலை தாரும். ஓம். இந்தக் கடைசிப் பக்கம்தான் டிரம். மெல்லிசாய். அந்த மேசை லைட்டை இழுத்து இதுக்கு மேலை பிடியும், காயட்டும். மணி என்ன?

— ஒண்ணே கால். ஏங்க, குங்குமம் வேண்டாமா?

— குங்குமம் வைச்சனானோ? இல்லை, அண்டைக்கு வைக்கேல்லை. ஊதும். நீரும் ஊதும். காய்ஞ்சிட்டுதோ?

— மேல தோல் மாதிரி ஆயிடுச்சு.

— காணும், இவ்வளவு போதும். டேப்பைப் போடுறன். நீர் உள்ளுக்கை போம்.

— எங்க?

— கண்ணாடிக்கு அங்காலை. டிரம்முக்குப் பின்னாலை இரும். ஆராவது அடிக்கவேணும், நான் இங்கை மிஷினிலை நிக்கவேணும்.

— சேலையிலயா? எனக்கு அடிக்கத் தெரியாதுங்க!

— பெரிய டிரம் காலாலை, நடுவிலை உள்ளது கையாலை. கெதியாய்ப் போம். அவங்கள் வந்திடுவாங்கள்.

— உக்காந்துட்டேன். சத்தம் வருதா? நீங்க வாயை அசைக்கறது மட்டும்தான் தெரியுது.

— இப்ப? பட்டனை அமத்திட்டன்.

— ஆ, கேக்குது. கூரையில இருந்து பேசற மாதிரி இருக்கு. இந்த நாத்தம் பிடிச்ச சாக்கைக் கொஞ்சம் தள்ளிக்கறேன். குச்சி கிடைச்சுது.

— அடியும்.

— இப்படியா?

— அது தடவுறது. அடியும்.

— இப்ப?

— இன்னும் பலமாய். ஆரிலையாவது கோவம் இருந்தால் அவையை நினைச்சுக்கொண்டு அடியும்.

— யாரைன்னு சொல்லணுமா?

— அடியும் கிரிஜா! ஓம்! ஓம், இன்னும்! காலையும் சேர்த்து! நிப்பாட்டாதேயும்! ... காணும். காணும், காணும்! குச்சி முறிஞ்சு போம்!

— அம்மாடி. கை விறுவிறுங்குது. நல்லாத்தான் இருக்கு இது. வந்துதா?

— டேப்பைத் திருப்புறன். அசையாமல் இரும். மூச்சும் விடாதேயும்.

— ...

— கேட்டதோ?

— கேட்டுது. லேப் ரேடியோவுல வர்றதேதாங்க.

— வந்திட்டுது! அதேதான்! கதவு தட்டுற சத்தம்! ரெண்டு வருஷம்! கிரிஜா, நான் ஏமாத்துக்காரன் இல்லை, இல்லாட்டி ஏமாத்துக்காரன்தான், எனக்கு இப்ப ஒண்டும் தெரியேல்லை. வந்திட்டுது!

— அழறீங்களா?

— இல்லை. ஓம். படியிலை சப்பாத்துச் சத்தம் கேக்குது, வாறாங்கள். டப்பாவை எங்கை வைச்சனீர்? சரி, சரி, கண்டிட்டன், கதிரைக்குக் கீழை. கேளும். நாளைக்கே லேபிலை சொல்லிப்போடும். வீட்டுக்காரனுக்கு நான் சொல்லுறன். இந்த முறை பெட்டியைக் கப்பலிலை போடவேண்டாம், கையோடை கொண்டு போவம். லண்டனிலை ஒரு வருஷம், ஒரு வருஷம்தான், பிறகு நீர் சொல்லுற இடம். நீர் கேட்டது சரி, நான் உம்மைக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். போவமோ?

— டேப் ஓடுதா?

— ஓடுது. ஏன்?

— நிறுத்துங்க. இது அதுல வேண்டாம்.

— நிப்பாட்டிட்டன். கெதியாய்ச் சொல்லும், ரெண்டாம் மாடிக்கு வந்திட்டாங்கள்.

— திங்கட்கிழமை காலையில அவங்க ஆபீஸ் பொண்ணு வீட்டுக்கு போன் பண்ணினா. சத்தம் வந்தா உதவும்னு சனிக்கிழமை பிளேன்ல சீட்டு போட்டு வைக்கணும், ரெண்டு பேரு பாஸ்போர்ட் நம்பரும் வேணும்னா. நான் உங்களோடதை மட்டும்தான் குடுத்தேன்.